கேம்பர் டிரெய்லருக்கு கரண்ட் எடுக்க எந்த கேபிள்: ஒன்னரை ஸ்கொயரா, ரெண்டரையா, போர்வெல் கேபிளா?

போன ஐப்பசில தாராபுரத்துப் பக்கம் ஒறம்பரை வூட்டுத் தோட்டத்துல எங்க கேம்பர் டிரெய்லர, அதான் கார் பின்னாடி இழுத்துட்டுப் போயி உள்ளயே தங்கற வண்டிய, நிறுத்தியிருந்தோம்ங்க. மழை பேஞ்சு ஓஞ்ச பொழுது, கட்டுத்தரைப் பக்கம் முச்சூடும் சேறு. புள்ள செருப்பில்லாம ஓடி வந்து டிரெய்லர் கதவுப் பக்கத்துல இருக்கற அலுமினியக் கைப்பிடிய புடிச்சவ சடக்குனு கைய எடுத்துட்டா. "அப்பா, சுருசுருங்குது"ன்னா. நான் பொறங்கைய வெச்சுப் பாத்தேன், ஆமாங்க, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. டெஸ்டர வெச்சா உள்ளுக்குள்ள மங்கலா ஒரு செவப்பு. ஓடிப் போய் வூட்டுக்குள்ள மெயின ஆப் பண்ணிட்டு, பிளக்க புடுங்கிட்டு, அந்த சாக்கெட்ட கழட்டிப் பாத்தா மேல இருக்கற பெரிய ஓட்டைக்கு, அதான் எர்த்து ஓட்டைக்கு, வயரே வரல. மூணு ஓட்டை இருக்குது, ரெண்டுக்குத்தான் வயரு.

வண்டில எந்தச் சாமானும் கெட்டுப் போயிருக்கலைங்க. இன்வெர்ட்டர் ஏசி, பேட்டரி சார்ஜர் இதுக்குள்ளெல்லாம் பில்டருக்குன்னு கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க, அது வழியா துளி கரண்ட் எப்பவுமே எர்த்து வயருக்குப் போயிட்டு இருக்கும், எர்த்து இல்லீன்னா அது போறதுக்கு வழியில்லாம வண்டி பாடிலயே நிக்கும். டிரெய்லர் நிக்கறது ரப்பர் டயர் மேல. அப்ப மண்ணுக்கும் வண்டிக்கும் தொடுப்புன்னு பாத்தா கேபிளுக்குள்ள வர்ற அந்தப் பச்சை வயர் ஒன்னுதான். அன்னைக்கு சுருசுருப்போட போச்சு. அதே நேரத்துல கெட்டில் காயில் ஓட்டையாயி பேஸ் நேரா பாடில ஏறியிருந்தா, ஈர மண்ணுல வெறுங்கால்ல நின்ன புள்ளைக்கு என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தப் பெரட்டுது.

ஊருக்கு வந்ததும் இருந்த கேபிள், பிளக், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டு மொதல்ல இருந்து பாத்தேன். என்ற மாமன் காங்கயத்துல மோட்டாருக்கு காயில் கட்டற கடை வெச்சிருக்காரு, அவரோட ரெண்டு ஞாயித்துக்கெழமை உக்காந்து ஒவ்வொன்னா எது தேவை எது வெட்டின்னு பாத்தோம். இப்ப நம்ம பக்கம் சின்ன டிரெய்லர் வாங்கறவங்க, கட்டறவங்க கொஞ்சம் கொஞ்சமா வர்றாங்க, ஆழியாறு, அமராவதி டேம், வால்பாறைன்னு கூட்டிட்டுப் போறாங்க, அதனால எழுதி வெச்சா யாருக்காச்சும் ஆகும்னு தோணுச்சு.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். நெட்டுல தேடுனா அமெரிக்காக்காரங்க சாமான்தான் நெம்ப வரும், 30 ஆம்ப்ஸ் கார்டு, 50 ஆம்ப்ஸ் கார்டு, டிடி-30 பிளக், டாக்போன் அடாப்டர்னு. பாத்தா ஆசையா இருக்கும், ஆனா அது நமக்கு ஒத்து வராது. அவங்களுக்கு சாதா லைன் 120 வோல்ட், அதனால 30 ஆம்ப்ஸ் எடுத்தாலும் 3600 வாட்ஸ்தான் கெடைக்கும். நமக்கு 230 வோல்ட், நம்ம வூட்டு 16 ஆம்ப்ஸ் சாக்கெட்ல இருந்தே 3680 வாட்ஸ் வருது. அவங்க அந்தத் தடிச்ச 10 கேஜ் கேபிள்ல எடுக்கற பவர நாம பாதி கனத்துல எடுத்துடலாம். ஐரோப்பாக்காரங்க மொறைதான் நமக்குப் பக்கம். அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், கேரவனுக்குன்னு அவங்க வழக்கமா வெச்சிருக்கறது 25 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் (ஸ்கொயர்ங்கறது செம்புக் கம்பியோட கனம்) மூணு கோர் கேபிள், அதாவது உள்ள மூணு வயர், ஒரு முனைல நீலக்கலர் உருண்டை பிளக், மறு முனைல அதுக்குத் தக்கன நீல சாக்கெட். அத அடியா வெச்சுக்கிட்டு நம்ம ஊரு சாக்கெட்டுக்குத் தக்கன மாத்திக்கிட்டாப் போதும்.

எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு மொதல்ல பேப்பர்ல எழுதோணும்ங்க. எங்குளுது பதினோரு அடி வண்டி, பொலேரோ இழுக்குது. உள்ள ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, அது முழுசா ஓடறப்ப கிட்டத்தட்ட 5 ஆம்ப்ஸ். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட்ஸ், 8.7 ஆம்ப்ஸ். பேட்டரி சார்ஜர் ஒன்னேகால் ஆம்ப்ஸ். பிரிட்ஜ் 12 வோல்ட்ல பேட்டரில ஓடுது, அது கணக்குலயே வராது. ஆக மூணும் ஒட்டுக்கா ஓடுனா 15. அதுக்கு மேல 1500 வாட்ஸ் கெட்டில் ஒன்னு போட்டா 16 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் எச்சானா தானா விழற சுச்சு) தாங்காது. சமைக்கறப்ப ஏசிய கொறச்சுக்கறது, தண்ணி காய வெக்கறப்ப அடுப்ப ஆப் பண்ணறதுன்னு வூட்டுக்காரி ஒரு மொறை வெச்சிருக்கா, 32 ஆம்ப்ஸ் ஏற்பாடு எதுவும் தேவைப்படல. சின்ன வண்டிக்கு 16 தாராளம்.

இப்ப கேபிள் கனம். இதுலதான் ஆளாளுக்கு ஒன்னு சொல்லுவாங்க, ஒன்னரை போதும்பாங்க, நாலு போடும்பாங்க. மாமன் ஒரு கணக்கு போட்டுக் காட்டுனாரு. 25 மீட்டர் கேபிள்னா கரண்ட் போக 25, திரும்ப வர 25, மொத்தம் 50 மீட்டர் செம்பு. 13 ஆம்ப்ஸ் ஓடறப்ப 1.5 ஸ்கொயர்ல எட்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல கொறையும், 2.5-ல அஞ்சு வோல்ட்டு சொச்சம், 4-ல மூணு வோல்ட்டு சொச்சம். வோல்ட்ட விட சூட்டப் பாருங்க. 1.5-ல அந்த நேரத்துல கேபிள் முச்சூடும் சேந்து 110 வாட்ஸ் சூடாகுது, 2.5-ல 67, 4-ல 42. கேபிள விரிச்சுப் போட்டிருந்தா 110 வாட்ஸும் காத்துல கலஞ்சு போயிடும். ஆனா எச்சா இருக்கறத சுருட்டி வண்டிக்கு அடில போட்டு வெப்பம் பாருங்க, அந்தச் சுருட்டுக்குள்ள ஒரு பழைய குண்டு பல்பு எரியற சூடு தங்கி நிக்கும். சாதா பிவிசி இன்சுலேஷன் தாங்கற அளவே 70 டிகிரிதான், கரூர்ப் பக்கம் சித்திரை வெயில்ல வெளிய 40 டிகிரி அடிக்குது, மிச்சம் இருக்கற எடம் எத்தனைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

கடையில வெள்ளையா தொங்குதே, நாலு சாக்கெட்டு வெச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுல பலதுல வயர் முக்கால் ஸ்கொயர்தான் இருக்கும். அதே 25 மீட்டர், அதே 13 ஆம்ப்ஸ்னு வெச்சா 17 வோல்ட் கொறையும், 220 வாட்ஸ் சூடு. அத நோம்பிக்கு சீரியல் செட்டு போட வெச்சுக்கங்க, வண்டிக்கு வேண்டாம்ங்க.

நாங்க 2.5 எடுத்தோம். 4 நல்லதுதான், ஆனா கனம், சுருட்ட முடியாது, நீலக்கலர் 16 ஆம்ப்ஸ் பிளக்குக்குள்ள அந்த வயரத் திணிச்சு முறுக்கறதுக்குள்ள வெரல் போயிடும். யாருக்கு 4 வேணும்னா, வூட்டுல இருந்து வண்டி நிக்கற எடம் 40, 50 மீட்டர் தொலவு இருக்கறவங்களுக்கு. தோட்டத்துச் சாளைகள்ல அது சகஜம், வாசல் வரைக்கும் வண்டி போகாது, களத்துலதான் நிறுத்தோணும். அப்பவும் பொழுதோட எல்லா மோட்டாரும் ஓடற நேரத்துல வோல்டேஜ் 190-க்கு வந்துடும், அதுல இன்னும் பத்த நாம கேபிள்ல தொலைக்க முடியாது. 1.5 யாருக்குன்னா ஏசி இல்லாதவங்களுக்கு. லைட்டு, பேன், சார்ஜர், மிக்சி இவ்வளவுதான்னா 1.5 போதும், 10 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

அடுத்தது எந்த மாதிரி கேபிள். மூணு வழி இருந்துச்சு. ஒன்னு கடையில கெடைக்கற கருப்பு உருண்டை பிவிசி மூணு கோர். ரெண்டாவது ரப்பர் கேபிள், வெல்டிங் பட்டறைல இழுத்துட்டுத் திரிவாங்களே அந்த மாதிரி. மூணாவது, நம்மூர்ல யாரு வூட்டுல இல்லீங்க, போர்ல இருந்து எடுத்துப் போட்ட சப்மெர்சிபிள் கேபிள். எங்க சாளைல மோட்டார் ரூம் மூலைல ஒரு நூறு மீட்டர் சுருட்டி கெடந்துச்சு, நல்ல செம்பு, 2.5 ஸ்கொயர், ரெண்டு தோல் இன்சுலேஷன், தண்ணிக்குள்ளயே பத்து வருசம் கெடந்தது. நான் அதத்தான் போடலாம்னு நெனச்சேன், காசும் இல்ல, தண்ணி போகாதுங்கறதுக்கு சாட்சியும் வேண்டியதில்ல.

மாமன் ஒத்துக்கவே இல்ல. "மாப்ள, இதுல பச்சை எங்க இருக்குது காட்டு"ன்னாரு. செவப்பு, மஞ்ச, நீலம், மூணுமே பேஸுக்குன்னு போட்ட கலரு. "மஞ்சள எர்த்துன்னு வெச்சுக்கலாம் மாமா, டேப் சுத்திடறேன்"ன்னேன். "இன்னைக்கு உனக்குத் தெரியும். நாலு வருசம் கழிச்சு பிளக் ஒடஞ்சு வால்பாறைல ஒரு பையன் மாத்திக் குடுப்பான், அவனுக்கு எப்படித் தெரியும்? பேஸும் எர்த்தும் மாறுச்சுன்னா வண்டி முச்சூடும் பேஸு"ன்னாரு. அதுக்கு மேல நான் பேசல. இன்னொன்னும் இருக்குது, அது தட்டை கேபிள், பிளக்குக்குப் பின்னாடி கேபிளப் புடிக்கற கிளாண்ட் உருண்டையா இறுக்கும், தட்டையா இருக்கறத சரியாப் புடிக்காது, இழுத்தா இழுவை முழுசும் உள்ள இருக்கற ஸ்குரூல விழும், தண்ணியும் அந்த சந்துல எறங்கும். சும்மா கெடக்குதேன்னு கை போகும், எனக்கும் போச்சு, அதனாலதான் இவ்வளவு எழுதறேன்.

பிவிசிக்கும் ரப்பருக்கும் நடுவுல பாத்தா ரப்பர் எச்சு வெலை. ஆனா வால்பாறை, ஊட்டி குளுர்ல விடியக்காலம் பிவிசி கேபிள் குச்சி மாதிரி வெறச்சுக்கும், மடக்குனா பழைய சுருட்டுலயே நிக்கும், ரப்பர் எப்பவும் துணி மாதிரி படியும். கல்லுல இழுத்தாலும் தேயறது கொறவு. கீழ தோட்டங்கள்ல மட்டும் நிறுத்தறவங்களுக்கு பிவிசியே போதும், மலைக்கு அடிக்கடி ஏறறவங்க ரப்பர் வாங்கறது நல்லது. நாங்க ரப்பர்தான் வாங்குனோம். எலியும் அணிலும் ரெண்டையும் கடிக்கும், அதுல வித்தியாசம் இல்லீங்க. வாங்கறப்ப வயர் மேல ஐஎஸ்ஐ முத்திரையும் ஸ்கொயர் அளவும் அச்சடிச்சிருக்கான்னு பாத்துக்கங்க, தொலவா வெச்சு படிக்க முடியலீன்னா கடைக்காரர்கிட்ட ஒரு முழம் உரிச்சுக் காட்டச் சொல்லுங்க, செம்பு நூலு நூலா மெல்லுசா இருக்கோணும்.

நீளத்துக்கு ஒரே 25 மீட்டரா, இல்ல பத்தும் பதினஞ்சுமா ரெண்டான்னு ஒரு பேச்சு வந்துச்சு. ஒரே துண்டுன்னா நடுவுல ஜாயிண்ட் இல்ல, மழைக்கு பயம் இல்ல. ரெண்டுன்னா பக்கத்துல சாக்கெட் இருக்கறப்ப சின்னத மட்டும் விரிச்சா முடிஞ்சுது, சுருட்டி வெக்கற மிச்சம் இருக்காது. நான் ரெண்டா எடுத்தேன், ஏன்னா நாங்க போறதுல பாதி ஒறம்பரை வூடுக, வாசல்லயே நிறுத்திடுவோம். ரெண்டையும் சேக்கறப்ப அந்த நீல ஜாயிண்ட தரைல போடறதில்ல, ஒரு வேப்பங்கெளைலயோ வண்டி ஜாக்கி மேலயோ தொங்க விட்டுடறது. டிரம்முல சுத்தி வெச்ச கேபிள் வாங்கறவங்க ஒன்னு ஞாபகம் வெச்சுக்கோணும், அஞ்சு மீட்டர்தான் வேணும்னாலும் முழுசையும் உருவி வெளிய போட்டுட்டுத்தான் ஏசி போடோணும். டிரம்முலயே எழுதியிருக்கும், சுத்துன நெலைல இத்தனை வாட்ஸ், விரிச்ச நெலைல இத்தனைன்னு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

பிளக்குக்கு வருவோம். வண்டிக்குள்ள இருந்து கேபிள் நேரா வெளிய வந்து தொங்கறது ஒரு வகை, கட்டறவங்க பலரு இப்படித்தான் செஞ்சு குடுக்கறாங்க, சுலபம், வெலை கம்மி. ஆனா கேபிள் அறுந்தா வண்டியப் பிரிக்கோணும். வண்டி பக்கவாட்டுல மூடி போட்ட இன்லெட் வெச்சு, கேபிளத் தனியா கழட்டற மாதிரி வெக்கறதுதான் நல்லது. அதுல ஒரு விசயத்துல கண்டிப்பா இருக்கோணும்ங்க, வண்டில இருக்கறது பின்னு நீட்டிட்டு இருக்கற ஆண் பக்கம், கேபிள் முனைல இருக்கறது ஓட்டை வெச்ச பெண் பக்கம். சில பேரு ஜெனரேட்டருக்குச் செய்யற மாதிரி வண்டில சாதா சாக்கெட்ட வெச்சுட்டு, கேபிளுக்கு ரெண்டு முனையிலயும் பிளக் டாப் மாட்டிக் குடுத்துடறாங்க. ஒரு பக்கம் சொருவி இன்னொரு பக்கம் கழண்டு விழுந்தா மூணு பித்தளைப் பின்னும் 230 வோல்ட்டோட புல்லுல கெடக்கும். அப்படி ஒரு கேபிள் உங்க வூட்டுல இருந்தா இன்னைக்கே ஒரு முனைய வெட்டிடுங்க.

வண்டிப் பக்கத்துக்கு நீல உருண்டை பிளக்குதான், 16 ஆம்ப்ஸ், மூணு பின். நீலம்னா 230 வோல்ட், செவப்புன்னா 400, மஞ்சள்னா 110, உலகம் முச்சூடும் இந்தக் கலர்தான். எர்த்து பின் மத்தத விட தடிப்பு, ஒரு பள்ளத்துலதான் ஒக்காரும், மாத்திச் சொருவவே முடியாது. ஐபி44 எழுதுனதுன்னா மழைச்சாரலுக்குப் போதும், ஐபி67-ன்னா வளையத்தத் திருகி இறுக்கறது, தண்ணி தேங்குனாலும் போகாது, வெலை எச்சு. நாங்க வண்டில 44, நடு ஜாயிண்டுக்கு மட்டும் 67. கோயமுத்தூர்ல மோட்டார், பம்பு சாமான் விக்கற எந்தப் பெரிய கடையிலயும் ரெண்டும் கெடைக்குது.

வூட்டுப் பக்கத்துக்கு நம்ம மூணு பின் 16 ஆம்ப்ஸ் பிளக் டாப்தான் வேணும், வேற வழி இல்ல. ஆனா பழைய சாளைகள்ல பாதி எடத்துல 16 சாக்கெட்டே இருக்காது, 6 ஆம்ப்ஸ் சின்ன சாக்கெட்டுதான் இருக்கும். அதுக்கு அந்த கன்வெர்டர் பின்ன மாட்டி 13 ஆம்ப்ஸ் இழுத்தா சுவத்துக்குள்ள இருக்கற ஒரு ஸ்கொயர் வயரு கருகறது நமக்குத் தெரியவே தெரியாது. நாங்க ஒரு மீட்டர் வாலு ஒன்னு தனியா செஞ்சோம், ஒரு முனைல 6 ஆம்ப்ஸ் பிளக், நடுவுல சின்ன டப்பால 6 ஆம்ப்ஸ் எம்சிபி, அந்தப் பக்கம் நீல சாக்கெட். அடுப்பத் தெரியாமப் போட்டா அந்த எம்சிபி விழுந்துடும், ஒறம்பரை வூட்டு வயரிங்குக்கு ஒன்னும் ஆகாது.

மோட்டார் ரூம்ல இருந்து எடுக்கலாம்னு பலரு சொல்லுவாங்க, வேண்டாம்ங்க. விவசாய சர்வீஸ் எலவசமா குடுக்கறது வெவசாயத்துக்கு, அதுல வண்டிக்கு எடுத்தா தோட்டத்துக்காரர் மேலதான் கேஸ் வரும். அது போக அங்க இருக்கறது மூணு பேஸ், ஸ்டார்ட்டர்ல நியூட்ரல்னு நெனச்சு இன்னொரு பேஸத் தொட்டுட்டா வண்டிக்கு 400 வோல்ட் போகும்.

எல்லாத்தையும் விட நான் நெம்ப நேரம் எடுத்துக்கிட்டது காவல் சாமானுக்குத்தான். எம்சிபி மட்டும் போதாதான்னு நானும் கேட்டேன். எம்சிபிக்குத் தெரிஞ்சது ரெண்டுதான், எச்சா கரண்டும் ஷார்ட்டும். மனுசன் ஒடம்புல போற கரண்ட் அதுக்குக் கண்ணுக்கே தெரியாது, 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு 0.1 ஆம்ப்ஸ் ஒரு பொருட்டா? ஆனா ஒரு ஆளுக்கு அது போதும். ஆர்சிசிபி போற கரண்டையும் வர்ற கரண்டையும் ஒப்பிட்டுப் பாத்துட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் வந்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள விழுந்துடும். ஆனா அதுக்கு ஓவர்லோடு தெரியாது. ரெண்டும் ஒன்னா இருக்கறது ஆர்சிபிஓ. தனித்தனியா வாங்கி எடத்த அடைக்கறதுக்கு சின்ன வண்டிக்கு 16 ஆம்ப்ஸ், 30 மில்லி ஆம்ப்ஸ், டபுள் போல் ஆர்சிபிஓ ஒன்னே சரி. டபுள் போல்னா பேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டும்; அது ஏன்னா, பழைய வூடுகள்ல பேஸும் நியூட்ரலும் மாறிக் கெடக்கும், சிங்கிள் போல்னா ஆப் பண்ணுன பொறவும் வண்டிக்குள்ள பேஸ் நிக்கும்.

அத எங்க வெக்கறதுங்கறதுல நான் மொதல்ல தப்பா நெனச்சிருந்தேன். வண்டிக்குள்ள வெச்சா வண்டிக்குக் காவல், ஆனா சுவத்துல இருந்து வண்டி வரைக்கும் தரைல கெடக்கற 25 மீட்டருக்கு யாரு காவல்? களத்துல டிராக்டர் ஏறும், புல்லு வெட்டற மெசின் ஓடும், யாராச்சும் மம்புட்டில கொத்திடுவாங்க. அதனால சுவத்துப் பக்கத்துலயே ஒரு பாக்ஸ் வேணும். நாங்க ஐபி65 டப்பா ஒன்னுல ஆர்சிபிஓ, அதுக்குப் பக்கத்துல வோல்டேஜ் ரிலே (வோல்டேஜ் நெம்ப ஏறுனாலும் எறங்குனாலும் வெட்டறது) ரெண்டையும் ஏத்தி, ஒரு மீட்டர் வால்ல 16 பிளக், கீழ நீல சாக்கெட்னு செஞ்சு வெச்சுட்டோம். வண்டிக்குள்ள இருக்கறதும் அப்படியே இருக்குது, ரெண்டு ஒட்டுக்கா விழுந்தா விழட்டும். ஒவ்வொரு தடவையும் சொருவுன ஒடனே அதுல இருக்கற டெஸ்ட் பட்டன அழுத்திப் பாத்துட்டுத்தான் வண்டிப் பக்கம் போவேன்.

எர்த்தே இல்லாத வூடுன்னா என்ன பண்றது? கூடவே ஒரு எர்த்து ராடு, செம்பு பூசுனது, நாலடி, ஒரு சுத்தியல், அஞ்சு மீட்டர் பச்சை வயர் வெச்சிருக்கோம். ஈரமான எடமாப் பாத்து அடிச்சு, ஒரு கொடம் தண்ணி ஊத்தி, வண்டி சேசிஸ்ல போல்ட்டு போட்டு இறுக்கறது. இங்க ஒரு விசயம் புரிஞ்சுக்கோணும்ங்க, ராடு மட்டும் போட்டா போதாது. காஞ்ச கொரங்காட்டு மண்ணுல ராடுக்கு 50 ஓம்ஸ் இருக்குதுன்னு வெச்சாலும், பேஸ் பாடில ஏறுனா 4.6 ஆம்ப்ஸ்தான் மண்ணுக்குப் போகும், 16 ஆம்ப்ஸ் எம்சிபி அசையாது, வண்டி பாடி பேஸோடயே நிக்கும். ஆனா 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிபிஓவுக்கு அந்தத் தொடுப்பே எச்சு, ஒடனே விழுந்துடும். ராடும் ஆர்சிபிஓவும் சேந்தாத்தான் வேலை ஆகும். சின்ன ஜெனரேட்டர்ல ஓட்டறவங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்குது, பல ஜெனரேட்டர்ல நியூட்ரல எர்த்தோட கட்டியிருக்க மாட்டாங்க, அப்ப ஆர்சிபிஓ பேச்சுக்கு இருக்கும், விழாது. அத எலக்ட்ரீசியன் ஒருத்தர வெச்சுப் பாத்துக்கங்க, நீங்களா கட்ட வேண்டாம்.

வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசரா ரிலேவான்னு கேட்டா, நான் ரிலேன்னுதான் சொல்லுவேன். ஸ்டெபிலைசர் கனம், வண்டில எடமும் இல்ல. அது கொறஞ்ச வோல்டேஜத் தூக்கிக் குடுக்கறப்ப கேபிள்ல எச்சா கரண்ட் இழுத்துத்தான் குடுக்கும், 2000 வாட்ஸுக்கு 230-ல 8.7 ஆம்ப்ஸ், 180-ல 11-க்கு மேல. இன்வெர்ட்டர் ஏசிக பலது கொறஞ்ச வோல்டேஜ்லயே ஓடற மாதிரிதான் வருது. நமக்கு நெசமான பயம் கம்பத்துல நியூட்ரல் கட்டாகறதுதான், காத்து மழைல அடிக்கடி நடக்குது, அப்ப வூட்டுக்கு 400 வரைக்கும் ஏறும். ரிலேல 180-க்கு கீழயும் 260-க்கு மேலயும் போனா வெட்டுன்னு வெச்சுட்டா, வெட்டி, சரியான பொறவு மூணு நிமிசம் பொறுத்து குடுக்கும், கம்ப்ரசருக்கும் அந்த இடைவெளி நல்லது.

சின்னச் சாமான்ல மூணு லைட்டு வெச்ச சாக்கெட் டெஸ்டர் ஒன்னு கண்டிப்பா வாங்குங்க, எர்த்து இல்லீன்னா, பேஸ் நியூட்ரல் மாறியிருந்தா லைட்டு மாத்திக் காட்டும். ஆனா எர்த்து வயர் இருந்து அது குழில உப்புக் காஞ்சு வெறுமனே நிக்கறத அது காட்டாது. அப்பறம் பொலேரோல இருந்து வர்ற ஏழு பின் பிளக், அது இண்டிகேட்டர், பிரேக் லைட்டு இதுக்கு மட்டும். ஓடறப்ப வண்டி பேட்டரிய சார்ஜ் பண்ணோணும்னா தனி வயர் இழுங்க, 12 வோல்ட்ல கனம் இன்னும் முக்கியம், ஆறு மீட்டர் தொலவுக்கு 10 ஆம்ப்ஸ் ஓடுனா 2.5 ஸ்கொயர்ல ஒரு வோல்ட் போயிடும், 12-ல ஒன்னு போனா பேட்டரி எங்க ஏறும்? 6 ஸ்கொயர் போட்டா 0.4 வோல்ட்தான் கொறையும்.

சப்மெர்சிபிள் கேபிள் திரும்ப மோட்டார் ரூம்லயே கெடக்குது. தை நோம்பிக்கு மறுபடியும் தாராபுரம் போனப்ப மாமனையும் கூட்டிட்டுப் போனேன். வூட்டுக்குப் பின்னாடி எர்த்து குழி போட்டு, போர்டு வரைக்கும் பச்சை வயர் இழுத்து, எல்லா மூணு ஓட்டை சாக்கெட்டுக்கும் தொடுப்புக் குடுத்துட்டு, மெயினுக்குப் பக்கத்துல ஒரு ஆர்சிசிபி மாட்டுனாரு. அத்தை அப்பத்தான் சொன்னாங்க, வாசிங்மெசின ஈரக் கைல தொட்டா எப்பவுமே சுருக்குங்கும்னு, ஆறு வருசமா அது அப்படித்தான்னு நெனச்சு ஒரு மரப்பலகைய கீழ போட்டு அதுமேல ஏறி நின்னுதான் துணி போட்டிருக்காங்க. போன வாரம் போன்ல பேசறப்ப அந்தப் பலகைய எடுத்து கோழிக்கூண்டுக்குக் கதவா அடிச்சுட்டதாச் சொன்னாங்க.